பாயோடு ஒட்டவைத்த கதை

மட்டக்களப்புக்கு மாற்றலாகிப் போகும் யாழ்ப்பாணத்து இளைஞருக்கு ஒரு காலத்தில் ஊரார் தவறாமல் சொல்லியனுப்பிய எச்சரிக்கை ஒன்றுண்டு. "கவனம் தம்பி, பாயோடை ஒட்டவைச்சுப் போடுவினம்." அங்குள்ள பெண்களுக்கு மந்திரம் தெரியும், வசிய மருந்து தெரியும், அவர்கள் விரித்த பாயில் அமர்ந்தவன் எழும்பமாட்டான், ஊர் திரும்பமாட்டான் என்பது இதன் பொருள். ஆசிரியராகப் போனவர், எழுதுவினைஞராகப் போனவர், வியாபாரத்துக்குப் போனவர் என்று யாராவது ஒருவர் அங்கேயே மணம்முடித்துத் தங்கிவிட்ட கதையும் சான்றாகக் கூடவே வரும். கொழும்பில் பத்திரிகை அலுவலகங்களில்கூட இதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். சொன்னவர்களில் ஒருவராவது அந்த மந்திரத்தை நேரில் கண்டவரில்லை.

மட்டக்களப்பு நண்பர்கள் இதற்கு ஒரு நயமான விடை வைத்திருக்கிறார்கள். "எங்கள் விருந்தோம்பலைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்" என்பார்கள். தயிரும் தேனும் ஆற்றுமீனும் படைக்கும் ஊரில் அந்த விடையை மறுப்பது நன்றிகெட்ட செயல்தான். ஆயினும் எனக்கு அது போதவில்லை. விருந்தோம்பலைப் பாராட்ட நினைத்தவன் மந்திரம் என்ற சொல்லை ஏன் தேடிப் போனான்? அதிலும், சமைத்தவளைப் பற்றி ஏன் அச்சத்தோடு பேசினான்?

விடைக்கு நான் கொஞ்சம் தொலைவு போகவேண்டியிருந்தது. ஆங்கிலக் கோதிக் நாவல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துவந்தபோது இந்தப் பழமொழி மீண்டும் மீண்டும் நினைவில் வந்து நின்றது. ஒரு வீடு, அந்த வீட்டில் ஒரு பெண், ஒரு மருந்து, வெளியேற முடியாமல் உள்ளே சிக்கிக்கொண்ட ஓர் ஆள். ஒரே வரியில் எழுதப்பட்ட கோதிக் நாவல் இது. ஒரே ஒரு வித்தியாசம்: சிக்கிக்கொண்டவன் ஆண்.

கோதிக் என்று நான் சொல்வது 1764இல் ஹொறேஸ் வோல்போல் எழுதிய 'ஒட்ரான்டோ கோட்டை'யிலிருந்து கிளைத்த புனைகதை வகையை. பாழடைந்த கோட்டை, நிலவறை வழி, நள்ளிரவில் கேட்கும் காலடி, கையில் மெழுகுவர்த்தியோடு தனியே நடந்துபோகும் இளம்பெண். 'மணிச்சித்திரத்தாழ்' (1993) அல்லது அதன் தமிழ் வடிவமான 'சந்திரமுகி' (2005) பார்த்தவர்களுக்கு அதிக விளக்கம் தேவையில்லை. திறக்கக்கூடாத அறை ஒன்று இருக்கும். அதற்குள் ஒரு பெண்ணின் துயரம் பூட்டிக் கிடக்கும்.

இவ்வகை நாவல்களில் பெண்ணுக்கு இரண்டே வேடங்கள் என்பது பொதுவான குற்றச்சாட்டு. நடுங்குகிறவள், நடுங்க வைப்பவள். முன்னவள் அநாதை, கற்புடையவள், மயங்கி விழுவாள். பின்னவள் பித்துப்பிடித்தவள், அல்லது இரத்தம் குடிப்பவள், அல்லது இறந்த பிறகும் வீட்டை விட்டுப் போகாதவள். 1976இல் எலன் மோயர்ஸ் 'பெண்வழிக் கோதிக்' என்ற கருத்தை முன்வைத்தார். 1979இல் கில்பேட், கூபார் இருவரும் பரணில் பூட்டப்பட்ட பைத்தியக்காரியை மையமாக வைத்து ஒரு பெருநூல் எழுதினார்கள். அதன்பின் பெண்ணின் உள்மனம், அடக்கப்பட்ட சினம், உடல் என்று அறிஞர்கள் ஏராளமாக எழுதிவிட்டார்கள். அவற்றில் பல அருமையானவை. ஆனால் செய்தியாளனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தக் கதையைப் படித்தாலும் காணி யாருடையது, பணம் கடைசியில் யார் கைக்குப் போயிற்று என்றுதான் முதலில் பார்ப்பான். அப்படிப் பார்த்தால் இந்த நாவல்கள் வேறொரு முகம் காட்டுகின்றன.

1794இல் வெளிவந்த ஆன் ராட்கிளிஃபின் 'உடோல்ஃபோவின் மர்மங்கள்' என்ற நான்கு பாகப் பெருநாவலை எடுத்துக்கொள்வோம். பெற்றோரை இழந்த எமிலியை அவளுடைய அத்தை வளர்க்கிறாள். அத்தை மொன்டோனி என்ற இத்தாலியனை மணக்கிறாள். அவன் இருவரையும் அப்பெனைன் மலைக்கோட்டை ஒன்றுக்குக் கொண்டுபோகிறான். அங்கே பேய்க்குப் பஞ்சமில்லை. கறுப்புத் திரைக்குப் பின்னால் காண்பதைக் கண்டு எமிலி மூர்ச்சையாகிறாள். கடைசியில் அது மெழுகுப் பொம்மை என்று தெரிகிறது. பேய்கள் எல்லாவற்றுக்கும் ராட்கிளிஃப் இப்படி விளக்கம் தந்துவிடுகிறார். விளக்கிக் கரைத்துவிட முடியாமல் எஞ்சி நிற்பது ஒன்றுதான். பிரான்சில் உள்ள தன் நிலங்களை எழுதித்தரும்படி மொன்டோனி மனைவியை நெருக்குகிறான். அவள் மறுக்கிறாள். அவளைக் கோபுரத்தில் அடைக்கிறான். அவள் நோயுற்று இறந்துபோகிறாள். அடுத்த வாரிசு எமிலி. இப்போது தாள் எமிலியின் முன் நீட்டப்படுகிறது. அந்தக் கோட்டையின் உண்மையான பேய் ஒரு கையெழுத்து.

வில்கி கொலின்ஸின் 'வெள்ளுடைப் பெண்' (1860) இன்னும் வெளிப்படையானது. லோரா ஃபெயர்லியின் 20,000 பவுணுக்காகக் கணவன் அவளை அவளுடைய சாயலில் இருந்த இன்னொருத்தியின் பெயரில் மனநோய் விடுதிக்கு அனுப்புகிறான். இறந்துபோன மற்றவளை லோரா என்ற பெயரில் அடக்கம் செய்கிறான். இவ்வகைக் கதைகளைக் கேலிசெய்ய ஜேன் ஒஸ்டின் எழுதிய 'நோர்தாங்கர் அபே'யிலும் இதே சங்கதி ஒளிந்திருக்கிறது. கதாநாயகி பழைய அலுமாரியில் கண்டெடுக்கும் மர்மச் சுருள் வெறும் சலவைக் கணக்காகப் போய்விடுகிறது. வாசகர் சிரிக்கிறார். ஆனால் அவள் சொத்துக்காரி அல்லள் என்று அறிந்ததும் வீட்டுக்காரத் தளபதி அவளைத் துணையின்றி வீட்டைவிட்டு வெளியேற்றுகிறார். அந்த இடத்தில் சிரிப்பு வருவதில்லை.

இதற்கெல்லாம் பின்னணி ஒரு சட்டம். திருமணமான பெண்ணின் சட்ட ஆளுமை கணவனுக்குள் அடங்கிவிடுகிறது என்பது அக்கால ஆங்கிலச் சட்டம். அவளுடைய பணமும் அசையும் பொருளும் அவனுடையதாயின. அவளுடைய நிலத்தின் வருமானமும் நிர்வாகமும் அவன் கைக்குப் போயின. வசதியான குடும்பங்கள் தனி ஒப்பந்தங்களால் பெண்ணுக்கு ஓரளவு பாதுகாப்புத் தேடின. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. 1870இல் சிறிய அளவிலும் 1882இல் முழுமையாகவும் திருத்தம் வரும்வரை நிலைமை இதுதான். கோதிக் நாவலின் பொற்காலமும் ஏறக்குறைய இதே காலம் என்பதை நான் தற்செயல் என்று கருதவில்லை. தனக்குச் சொந்தமில்லாத வீட்டுக்குள் நுழைந்து, சாவிக்கொத்து வேறொருவர் இடுப்பில் தொங்க, எந்தக் கதவு எதற்குத் திறக்கும் என்று தெரியாமல் வாழவேண்டிய பெண்ணுக்கு எல்லா வீடும் பேய்வீடுதான்.

ஷாலொட் புரொன்டேயின் 'ஜேன் எயர்' (1847) இந்தக் கணக்கைப் பவுண் பவுணாகப் போட்டுக் காட்டும் நூல். பரணில் பூட்டப்பட்ட பேர்த்தா மேசன் ஜமெய்க்காவிலிருந்து கொண்டுவந்த சீதனம் 30,000 பவுண். சீதனம் வந்தது, பெண் பூட்டப்பட்டாள், கதையை நமக்குச் சொல்பவன் பணத்தைப் பெற்றவன். அவள் பேசும் ஒரு சொல்லைக்கூட நாவல் நேரடியாக நமக்குக் கேட்கத் தருவதில்லை. உறுமலும் சிரிப்பும் மட்டும் கேட்கின்றன. மறுபுறம் ஜேன் தன் சித்தப்பாவின் 20,000 பவுணை மரபுரிமையாகப் பெற்று, உறவினர் மூவரோடு பங்கிட்டு, 5,000 பவுணுக்குச் சொந்தக்காரியான பிறகே ரொசெஸ்டரிடம் திரும்பிப் போகிறாள். அதற்குள் அந்தப் பேய்வீடும் எரிந்து முடிந்துவிடுகிறது. காதல் கதையாகவே இதைப் படித்துப் பழகியவர்கள் இந்த எண்களைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

பேர்த்தாவுக்கு வாய்கொடுத்தவர் ஜீன் றிஸ். மேற்கிந்தியத் தீவான டொமினிக்காவில் பிறந்த அவர் 1966இல் 'அகன்ற சர்காசோக் கடல்' என்ற நாவலை எழுதினார். அதில் பூட்டப்படுவதற்கு முந்தைய பேர்த்தாவை, அன்டொனெட் என்ற பெயரோடு, அவளுடைய தீவில், அவளுடைய வீட்டில் காண்கிறோம். இங்கிலாந்திலிருந்து வந்த கணவன் அந்த வீட்டில் அந்நியன். மரங்கள் அவனுக்கு அதிகப் பச்சையாக இருக்கின்றன, பூக்கள் அதிகமாக மணக்கின்றன, வேலைக்காரிகளின் சிரிப்பு அவனுக்குப் புரியவில்லை. அவன் விலகிப்போவதைக் கண்ட அன்டொனெட், கிறிஸ்தோஃபின் என்ற முதியவளிடம் வசிய மருந்து வாங்கி மதுவில் கலந்து கொடுக்கிறாள். விளைவு விபரீதமாகிறது. மருந்து கொடுத்தாள் என்பதையே அவன் வாழ்நாள் முழுவதும் வைத்திருப்பான். ஆனால் அதே நாவலில் இன்னொரு செய்தி இருக்கிறது. கணவனை விட்டுப் போய்விடு என்று கிறிஸ்தோஃபின் சொல்லும்போது, தன்னிடம் இப்போது காசே இல்லை, எல்லாம் அவனுடையதாகிவிட்டது, ஆங்கிலச் சட்டம் அப்படி என்று அன்டொனெட் விளக்கவேண்டி வருகிறது. சொத்து முழுவதையும் பெற்றுக்கொண்டவன், தன்னை மருந்து போட்டு மயக்கிவிட்டார்கள் என்கிறான்.

இந்த இடத்தில்தான் எனக்கு மட்டக்களப்பு நினைவுக்கு வந்தது.

வாவியின் இரு கரைகளிலும், படுவான்கரையானாலும் எழுவான்கரையானாலும், மரபு ஒன்று: வீடு பெண்ணுக்கு. மூத்த மகளுக்குத் திருமணம் நிச்சயமாகும்போது வீடும் வளவும் அவளுக்கு எழுதப்படும். மாப்பிள்ளை தன் துணிமணிகளோடு பெண்வீட்டுக்கு வருவார். பெற்றோர் காலப்போக்கில் பக்கத்திலேயே இன்னொரு வீடு கட்டி ஒதுங்கிக்கொள்வார்கள். அந்த வீடு அடுத்த மகளுக்குப் போகும். இப்படியே அக்காவும் தங்கையும் தாயும் சின்னம்மாவும் அடுத்தடுத்த வளவுகளில் வேலிக்கு வேலி வாழ்வார்கள். குடி என்ற வம்சமும் தாய்வழியாகவே எண்ணப்படும். இது தமிழருக்கு மட்டுமான வழக்கமும் அன்று. காத்தான்குடி, ஏறாவூர், அக்கரைப்பற்று முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடியும் மகளுக்கு வீடு கொடுக்கும் முறையும் வேரூன்றி இருக்கின்றன. பல ஆண்டுகள் இப்பகுதியை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட பெருநூலில் இவ்விரு சமூகங்களையும் அருகருகே வைத்து இதை விரிவாகக் காட்டியிருக்கிறார்.

யாழ்ப்பாணத்திலும் சீதன வீடு உண்டே என்று வாசகர் கேட்கலாம். உண்டு. பெண்வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளைகளும் அங்கே குறைவில்லை. ஆனால் சட்டம் வேறு. தேசவழமையைத் தொடர்ந்து வந்த 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம், மனைவி தன் சொந்தச் சீதனக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தைக் கேட்டது. மட்டக்களப்புக்குப் பொருந்தும் பொதுச் சட்டத்தில், 1923ஆம் ஆண்டின் விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டத்துக்குப் பின், அந்தக் கட்டு இல்லை. அவளுடைய கையெழுத்தே போதும்.

அப்படியானால் பாயோடு ஒட்டிய அந்த இளைஞருக்கு என்ன நடந்தது? அவர் மணம்முடித்தார். ஊர் வழக்கப்படி மனைவியின் வீட்டில் குடியேறினார். சுற்றிலும் அவளுடைய சகோதரிகள், அவளுடைய தாய், அவளுடைய குடி. பிள்ளைகளும் தாயின் குடியைச் சேர்ந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்த தாய் தந்தையரின் கணக்கில் மகனும் போனான், அவனுக்கு வரவேண்டிய சீதனமும் போயிற்று. இந்த இழப்பை ஒரு வழக்கத்தின் விளைவு என்று ஏற்றுக்கொள்ள மனம் வராதபோது மந்திரம் உதவிக்கு வந்தது. தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் கோடிக்கணக்கான பெண்கள் கணவன் வீட்டுக்குப் போய்த் திரும்பாமலே வாழ்ந்து முடித்திருக்கிறார்கள். அவர்களைப் பாயோடு ஒட்டவைத்து விட்டார்கள் என்று யாரும் சொன்னதில்லை. அதற்குப் பெயர் இல்லறம்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சேர்க்கவேண்டும். மட்டக்களப்பைப் பெண்ணாட்சி நாடாக வருணித்து மகிழும் கட்டுரைகளை இணையத்தில் காண்கிறேன். அது பிழை. பழைய முக்குவர் சட்டத்தில் முதுசக் காணி தாய்வழியாகப் போயிற்று என்பது உண்மை. ஆனால் அது மாமனிடமிருந்து மருமகனுக்கு, ஓர் ஆணிடமிருந்து இன்னோர் ஆணுக்குப் போயிற்று. பெண் அதில் பாலமாக இருந்தாள். கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இல் இந்தச் சட்டத்தைத் தொகுத்து வெளியிட்டார். அதே 1876இல் வந்த 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதன் வலுவை நீக்கிவிட்டது. மரபு அழியவில்லை. மகளுக்குச் சீதனம் என்ற வாய்க்காலில் ஓடத் தொடங்கியது. கோயில் வண்ணக்கர் பதவி ஆண்களுக்கே. வயலும் போடியாரின் அதிகாரமும் ஆண்களிடமே. சொந்த வீட்டில் அடிவாங்கும் பெண்களும் அங்கே உண்டு. மகளுக்கு வீடு கட்டவேண்டும் என்ற கடமை தாயைக் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டுப்பணிக்கு அனுப்புகிறது, அண்ணனின் இளமையைச் சீமெந்துக் கல்லாக மாற்றுகிறது. இவை சிறிய விலைகள் அல்ல.

ஆயினும் சொந்த வீட்டில் அடிவாங்குபவளுக்கும் அவன் வீட்டில் அடிவாங்குபவளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. வெளியே போகவேண்டியவர் யார் என்ற கேள்வி எழும்போது அது தெரியும். வேலிக்கு அப்பால் அக்கா இருக்கிறாள். கத்தினால் கேட்கும். தோர்ன்ஃபீல்ட் மாளிகையின் மூன்றாம் மாடியிலிருந்து பேர்த்தா எழுப்பிய சத்தத்தைக் கேட்க அவளுக்கு அங்கே உறவென்று எவருமில்லை.

பூட்டிய கதவு என்றதும் இன்னொன்றைச் சொல்லத் தோன்றுகிறது. மட்டக்களப்புப் பகுதியிலும், 1961இல் அதிலிருந்து பிரிந்த அம்பாறை மாவட்டத்திலும் கண்ணகிக்குப் பல கோயில்கள் உள்ளன. செட்டிபாளையம், தம்பிலுவில், காரைதீவு ஆகியன பெயர்பெற்றவை. வைகாசிச் சடங்கின் தொடக்கமே கதவு திறத்தல். குளுத்தியோடு சடங்கு முடிந்து கதவு அடைபடும். அடுத்த வைகாசிவரை பல கோயில்களில் அம்மன் மூடிய கதவுக்குள்தான். பூட்டிய அறைக்குள் சினங்கொண்ட ஒரு பெண் என்றால் கோதிக் நாவலாசிரியர் உடனே மெழுகுவர்த்தியை ஏற்றிவிடுவார். இங்கேயோ ஊரே நீராடி, நோன்பிருந்து, அவள் வெளிப்படும் நாளுக்காகக் காத்திருக்கிறது. அங்கே படிக்கப்படும் காவியத்தின் பெயரும் கவனிக்கத்தக்கது: கண்ணகி வழக்குரை. கணவனை இழந்தவளின் புலம்பல் என்று அதற்குப் பெயரிடவில்லை. சிலம்பு யாருடையது என்பதுதான் வழக்கு. என் சிலம்பின் பரல் இன்னது என்று அரசவையில் உடைத்துக்காட்டி உடைமையை நிரூபித்த பெண் அவள். மதுரை எரிந்தது அதன் பிறகு.

தன் குரலில் அல்லாமல் இன்னொரு குரலில் பேசும் பெண்ணும் கோதிக் கதைகளில் வருவாள். பித்து என்று சொல்லி அவளைப் பூட்டுவார்கள். 1990இல் கிழக்கில் நடந்தவற்றை என் தலைமுறைப் பத்திரிகையாளர் மறக்கமுடியாது. செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதிமுகாமிலிருந்து மட்டும் 158 பேர் படையினரால் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பவில்லை. எங்கள் செய்தித்தாள்கள் எண்களைப் போட்டன, சிலசமயம் அதையும் போடமுடியவில்லை. இராணுவ முகாமும் நீதிமன்றமும் விடைதராத அந்த ஆண்டுகளில் தாய்மார் அம்மன் கோயில்களுக்குப் போனார்கள். உருவேறி வாக்குச் சொல்பவர்களிடம், அவர்களில் பெண்களும் பலர், மகன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்டார்கள். பற்றீசியா லோறன்ஸ் என்ற மானிடவியலாளர் இந்த வாக்குச் சொல்பவர்களைப் பற்றி ஆழமாக எழுதியிருக்கிறார். வாக்குப் பலித்ததா என்பது வேறு விடயம். பேசவே முடியாத காலத்தில், காணாமற்போனவனின் பெயரை ஊரறியச் சொல்ல ஓர் இடம் இருந்தது. நடுங்குகிறவள், நடுங்க வைப்பவள் என்ற இரண்டுக்கும் அப்பால், ஊர் தேடிப்போய்க் கேட்கிறவள் என்ற மூன்றாவது வேடம் இது. நான் படித்த கோதிக் நாவல்களில் இவளுக்கு நேரான ஒருத்தியை நான் காணவில்லை.

இனி, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருகிறேன்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தை ஒரு காலைப்பொழுதில் துடைத்துவிட்டது. நாவலடி, டச்பார், கல்லடி, திருச்செந்தூர் என்று அந்தப் பெயர்களை அப்போது உலகமே உச்சரித்தது. கரையோரத்தில் மீளக் குடியேறக்கூடாது என்று வடக்குக் கிழக்கில் 200 மீற்றர் எல்லை போடப்பட்டது. உள்ளே, திராய்மடு போன்ற இடங்களில், புதிய குடியிருப்புகள் எழுந்தன. அரச காணி, தொண்டு நிறுவனங்களின் பணம், வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது: குடும்பத் தலைவர். அந்தக் கட்டத்தில் கணவனின் பெயர் எழுதப்பட்டது. வீட்டுப் பத்திரமும் அந்தப் பெயருக்குப் போயிற்று.

கடல் கொண்டுபோன வீடு அவளுடையது. அவளுடைய தாய் எழுதிக் கொடுத்தது. அதற்கு ஈடாக வந்த வீடு அவனுடையதாயிற்று. இதில் எவருடைய சூழ்ச்சியும் இல்லை என்பதுதான் இன்னும் கொடுமை. கச்சேரி எழுதுவினைஞரும் வெளிநாட்டுத் தொண்டரும் கிராம சேவையாளரும் நல்லெண்ணத்தோடு, வேகமாக, உலகம் முழுவதும் வழக்கில் இருப்பதாக அவர்கள் நினைத்த ஒன்றைச் செய்தார்கள். சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் உள்ளிட்ட மட்டக்களப்புப் பெண்கள் அமைப்புகள் உடனே குரல் எழுப்பின. பெண்ணின் பெயரில் கொடுங்கள், குறைந்தபட்சம் இருவர் பெயரிலும் கொடுங்கள் என்று கேட்டன. அரச காணியில் கூட்டுப் பெயருக்கு நடைமுறை இடந்தரவில்லை என்ற பதிலே பெரும்பாலும் கிடைத்தது. மக்கில்வ்ரேயும் லோறன்ஸும் சேர்ந்து, சுனாமி வீடுகளும் சீதனமும் பற்றி 2010இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில் எவராவது பெயர்த்தால் நன்று.

கற்பனை செய்து பார்ப்போம். மனைவி அலையில் போய்விட்டாள். புதிய வீடு கணவன் பெயரில். அவர் மறுமணம் செய்கிறார், அதைக் குறைசொல்ல முடியாது, சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள். புதிதாக வருபவள், இறந்தவளின் வீட்டுக்கு ஈடாகக் கிடைத்த வீட்டில், இறந்தவளின் மகள்கள் பார்த்திருக்க, விளக்கேற்றுகிறாள். டஃப்னே டு மோரியே 1938இல் எழுதிய 'ரெபெக்கா' அல்லாமல் இது வேறென்ன? அந்த நாவலின் இரண்டாம் மனைவிக்குக் கடைசிப் பக்கம்வரை சொந்தப் பெயர்கூடச் சொல்லப்படுவதில்லை. மூத்த மகளுக்கு வயது வரும்போது அவளுக்கு எழுதிக்கொடுக்கத் தாயின் வீடு இல்லை. தந்தையின் வீட்டுக்கு உரிமைகோர இப்போது வேறு பிள்ளைகளும் உண்டு.

அரச காணிக்குரிய 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் இந்தப் பிணக்கை மேலும் இறுக்கியது. உரித்தாளர் பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்காமல் இறந்தால், அதன் அட்டவணை மகன்களை முன்னும் மகள்களைப் பின்னும் வைத்தது. வீடு மகளுக்கு என்று நூற்றாண்டுகளாகச் சொல்லிவந்த கரையில், மகன் முதலில் என்று சொல்லும் சட்டம். 2022இல்தான் இந்தப் பால் வேறுபாட்டை நீக்கத் திருத்தம் வந்தது. எண்பத்தேழு ஆண்டுகள். இங்கிலாந்துக்கு 1882இல் கிடைத்தது நமக்கு ஏன் இவ்வளவு பிந்தியது என்று கேட்க நினைத்தேன். ஆனால் வாவிக்கரைப் பெண்ணைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியே தலைகீழானது. அவளிடம் இருந்ததை எடுத்துவிட்டு, எண்பத்தேழு ஆண்டுகள் கழித்துச் சமத்துவம் என்று பாதியைத் திருப்பித் தருகிறோம்.

திருத்தம் வந்துவிட்டது என்பதால், ஏற்கெனவே ஓர் ஆணின் பெயரில் எழுதிய பத்திரம் தானாக மாறிவிடாது. அதை மாற்ற விரும்பும் குடும்பங்கள் பிரதேச செயலகத்துக்குப் போய், பின்னுரித்தாளராக மகளின் பெயரைப் பதியலாம். இது இன்றே செய்யக்கூடியது, கட்டாயம் செய்யவேண்டியது. தந்தைமார் உயிரோடிருக்கும்போதுதான் இது எளிது.

வெளிநாட்டில் வாழும் மட்டக்களப்பு வாசகர்களிடமும் ஒரு வார்த்தை. கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் இலண்டனிலிருந்தும் அனுப்பும் பணத்தில் ஊரில் மாடிவீடுகள் எழுகின்றன. பணம் அனுப்பிய அண்ணன் பெயரில் உறுதி முடிப்பது நியாயம் என்று ஒரு புதுப் பேச்சு கிளம்பியிருப்பதாக நண்பர்கள் சொல்கிறார்கள். தங்கை அந்த வீட்டில் இருப்பாள், கூட்டித் துடைப்பாள், விருந்தினருக்குப் பாய் விரிப்பாள். சாவி இன்னொருவர் கையில். அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது வீட்டின் படத்தை எடுத்து முகநூலில் போடுவதற்குமுன், நொத்தாரிசு எழுதிய உறுதியை ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள். யாருடைய பெயர் இருக்கிறது, அது இருப்பது அவளுக்குத் தெரியுமா, அந்தக் கடதாசி யாருடைய அலுமாரியில் கிடக்கிறது.